நீங்க இப்போ எங்கே இருக்கீங்க பாஸ்?

சனிக்கிழமை காலை. வீட்டில் 'லைப்ரரியில புராஜெக்ட் வொர்க் இருக்கு'னு ஒரு பிட்டைப் போட்டுட்டு, அப்பாவின் காரை நைஸா கிளப்பி, நாலு பேரை அள்ளிப் போட்டுக்கிட்டு பாண்டிச்சேரிக்குக் கிளம்புறீங்கன்னு வெச்சுக்கங்க. ஜன்னல் இறங்கியாச்சு, பாட்டு ஏறியாச்சு. பரனூர் டோல்கேட்டைத் தாண்டின ரெண்டாவது நிமிஷம் போன் அடிக்கிறது. "பரனூர்ல எந்த லைப்ரரிப்பா?"

அப்பா துப்பறியும் சாம்பு எல்லாம் இல்லை. கண்ணாடியில் ஒட்டியிருக்கிற ஃபாஸ்டேக் அவர் போன் நம்பரில் இருக்கிறது. டோலுக்குக் காசு பிடிச்சதும் அவருக்கு எஸ்.எம்.எஸ். போய்விட்டது. அவ்வளவுதான், ஜோலி முடிஞ்சுது!

2021 பிப்ரவரி மத்தியிலிருந்து தேசிய நெடுஞ்சாலை டோல்கேட்களில் ஃபாஸ்டேக் கட்டாயம். டோலில் க்யூவைக் குறைக்கத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். உங்களை மாட்டிவிட இல்லை. அந்த ஸ்டிக்கருக்குள் பேட்டரி கிடையாது, ஜி.பி.எஸ். கிடையாது. மேலே இருக்கிற ரீடர் அனுப்பும் ரேடியோ அலையில் ஒரு நொடி உயிர் பெற்று, தன் நம்பரைச் சொல்லிட்டு மறுபடி தூங்கிவிடும். ஆனால் ஒரு நம்பர், ஒரு இடம், ஒரு நேரம் மூணும் ஒண்ணு சேர்ந்தால் அது ஒரு ஆளோட கதை. இன்னிக்கு நம்மைச் சுற்றி ஓடுகிற வண்டிகளில் பல, இந்தக் கதையை யாருக்காவது சொல்லிக்கொண்டேதான் ஓடுகின்றன.

'இருக்கட்டுமே, பாதுகாப்புக்குத்தானே?' என்கிறீர்களா? நியாயமான கேள்வி. அதைக் கொஞ்சம் நோண்டிப் பார்ப்போம்.

சேட்டிலைட் பாவம்!

முதலில் நம்ம டிபார்ட்மென்ட் சமாசாரம். 'ஜி.பி.எஸ். மூலமா மேலேயிருந்து பார்த்துட்டே இருப்பாங்க'னு பலரும் நினைக்கிறோம். சேட்டிலைட்டுக்கு உங்களைத் தெரியவே தெரியாது. அது பாட்டுக்கு மேலே சுத்திக்கிட்டு 'இப்போ மணி இவ்வளவு, நான் இங்கே இருக்கேன்'னு ரேடியோ ஸ்டேஷன் மாதிரி ஒலிபரப்பும். கீழே இருக்கிற கருவி, குறைந்தது நாலு சேட்டிலைட்டின் பேச்சைக் கேட்டு, எந்தச் சிக்னல் எவ்வளவு தாமதமாக வந்தது என்று கணக்குப் போட்டு, தான் எங்கே இருக்கிறோம் என்று தானே கண்டுபிடித்துக்கொள்கிறது. இதுவரைக்கும் ரகசியம் கருவிக்குள்ளேயே பத்திரம்.

அதற்குள் ஒரு சிம் கார்டைச் சொருகி, 'கண்டுபிடிச்சதை சர்வருக்கு அனுப்பு'னு நாம் சொல்லும்போதுதான் அது கண்காணிப்பாக மாறுகிறது. எத்தனை நொடிக்கு ஒருமுறை, யாருடைய சர்வருக்கு, எவ்வளவு நாள் வைத்திருக்க... இதையெல்லாம் முடிவு பண்ணுவது வானம் இல்லை பாஸ், நம்மளை மாதிரி எவனோ ஒரு எஞ்சினீயர். நாளைக்கு ப்ளேஸ்மென்ட்டில் அந்த வேலை உங்களுக்கே கிடைக்கலாம். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

462 பேர், தினமும்

விளையாட்டை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம். 2022ல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு இது. ஒரு நாளைக்கு சுமார் 462 பேர். அந்த வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நம்ம தமிழ்நாட்டுக்குத்தான். 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். நாடு முழுக்க இறந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு 18லிருந்து 45 வயதுக்காரர்கள். அதாவது நீங்க, நான், நம்ம சீனியர்ஸ், நம்ம லெக்சரர்கள். ஹெல்மெட் போடாமல் போய்ச் செத்தவர்கள் மட்டும் 50,029. சாவுகளில் நூற்றுக்கு 71க்குக் காரணம், அதிவேகம்.

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு 'என் பிரைவசி'னு மட்டும் பேசினால் காதில் விழாது. ஒவ்வொரு காலேஜிலும் ஒரு பெஞ்சு காலியாகி, அந்த செமஸ்டர் முழுக்க யாரும் அதில் உட்காராமல் இருந்த கதை இருக்கிறது. எங்கள் காலேஜிலும் உண்டு.

ஆனால் அந்தக் கணக்கையே இன்னொரு தடவை பாருங்க. அதிவேகம், ஹெல்மெட். இந்த ரெண்டைத் தடுக்க, நீங்க எந்தத் தெருவில் இருக்கீங்கன்னு யாருக்காவது தெரியணுமா? லாரி, பஸ்களில் இருக்கும் ஸ்பீடு கவர்னர், வண்டி எங்கே போகுதுன்னு யாரிடமும் கோள் சொல்வதில்லை. வேகத்தை மட்டும் கட்டிப்போடும். 125 சி.சி.க்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து கட்டாயமான ஏ.பி.எஸ். பிரேக்கும் அப்படித்தான். சக்கரம் லாக் ஆகாமல் காப்பாற்றும். எந்த ஊர் மண்ணில் என்று குறித்து வைக்காது.

ஓட்டையைக் காட்டாத ஜி.பி.எஸ்.

2012 ஜூலையில் சென்னைப் புறநகரில் நடந்ததை உங்க வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஓடிக்கொண்டிருந்த ஸ்கூல் பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு குட்டிப் பொண்ணு கீழே விழுந்து, அதே பஸ்ஸின் சக்கரத்தில் சிக்கி இறந்துபோனாள். சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. அதே வருஷம் தமிழ்நாட்டில் ஸ்கூல் பஸ்களுக்குத் தனி விதிகள் வந்தன.

அந்த பஸ்ஸில் நாலு ஜி.பி.எஸ். இருந்திருந்தால்கூட என்ன சொல்லியிருக்கும்? பஸ் எந்த ரோட்டில் போகிறது என்று மீட்டர் சுத்தமாகச் சொல்லியிருக்கும். தரையில் ஓட்டை இருக்கிறது என்று சொல்ல, குனிந்து பார்க்கிற ஒரு மனுஷன்தான் வேண்டும். பத்து வருஷம் கழித்து, 2022ல், ஸ்கூல் பஸ்களில் முன்னாலும் பின்னாலும் கேமரா, பின்னால் சென்சார் வேண்டும் என்று மாநில அரசு விதியைத் திருத்தியது. டிரைவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் குழந்தை நிற்கிறதா என்று காட்டும் கேமரா. அது டிரைவருக்குக் காட்டினால் போதும். ஊருக்குக் காட்ட வேண்டியதில்லை. இதுதான் வேலைக்கு ஆகிற டெக்னாலஜி என்பேன்.

அதுக்காக டிராக்கிங்கே தண்டம் என்று சொல்லவில்லை. 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பஸ்ஸுக்குள் நடந்த கொடூரம்தான், பொதுப் போக்குவரத்து வண்டிகளில் டிராக்கிங் கருவியும் பேனிக் பட்டனும் வேண்டும் என்ற கோரிக்கையை வலுவாக்கியது. 2016ல் அறிவிப்பு வந்தது. 2019 ஜனவரி 1லிருந்து பதிவாகிற பஸ், டாக்ஸி போன்ற வண்டிகளுக்குக் கட்டாயம் ஆனது. ஆட்டோவுக்கும் டூவீலருக்கும் விலக்கு. அந்தக் கருவிக்கு ஏ.ஐ.எஸ். 140 என்று ஒரு ஸ்டாண்டர்டு வைத்திருக்கிறார்கள். சில நொடிகளுக்கு ஒருமுறை இடத்தை அனுப்பும். சிக்னல் இல்லாத காட்டுக்குள் போனால் 40,000 பதிவுகள் வரை உள்ளேயே சேர்த்து வைத்து, டவர் கிடைத்ததும் மொத்தமாகக் கொட்டும். பேட்டரியைப் பிடுங்கினாலும் கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கும். எக்ஸாமில் வந்தால் 16 மார்க்குக்கு எழுதலாம்!

ஆனால் அந்தச் சிவப்பு பட்டனை அமுக்கினால், அந்தப் பக்கம் எடுக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் ஒரு போலீஸ் வண்டியை அனுப்பவும் வேண்டும். டாக்ஸியில் ஏறினால் பட்டன் எங்கே இருக்கிறது, சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கிறதா என்று பாருங்க. இடத்தை விடாமல் பதிவு செய்கிற சர்வர் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. எழுந்து ஓடி வருகிற மனுஷன்தான் கஷ்டம்.

தூங்குகிற கார்

இதே சமாசாரத்தை ஐரோப்பாவில் வேற மாதிரி யோசித்தார்கள். 2018 மார்ச் 31க்குப் பிறகு அனுமதி வாங்கும் புதிய கார் மாடல்களில் 'இ-கால்' என்ற வசதி கட்டாயம். கார் பெரிசாக மோதி ஏர்பேக் வெடித்தால், டிரைவர் மயக்கத்தில் இருந்தாலும், கார் தானாகவே 112க்கு போன் போடும். இடம், நேரம், எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது, என்ன வண்டி... இந்த மாதிரி ஆம்புலன்ஸுக்குத் தேவையான நாலு விஷயத்தை மட்டும் அனுப்பும்.

மோதாத நாளில்? குறட்டை! சாதாரணமாக ஓடும்போது காரைத் தொடர்ந்து பின்தொடர முடியாதபடிதான் அமைக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். கடைசி சில இடங்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, பழையதைத் தானே அழித்துக்கொண்டே போகும். அதுவும் வண்டி எந்தப் பக்கம் போனது என்று ஆம்புலன்ஸுக்குத் தெரிவதற்காக.

இதைப் படித்ததும் எனக்கு சபாஷ் போடத் தோன்றியது. பாதுகாப்பா, பிரைவசியா என்று தராசில் வைத்து ஆளுக்குப் பாதி வெட்டிக்கொடுத்த மாதிரி இல்லை. உயிர் போகிற நிமிஷத்தில் முழுசாகப் பேசு, மத்த நேரம் வாயை மூடு என்று சர்க்யூட்டிலேயே முடிவு பண்ணிவிட்டார்கள். பஸ்ஸுக்கும் டாக்ஸிக்கும் தொடர்ச்சியான டிராக்கிங் தேவைப்படலாம்; அது ஊருக்கான வண்டி. நம்ம சொந்த பைக்குக்கும் காருக்கும் எதற்கு?

'பேரை எடுத்துட்டோம், கவலைப்படாதீங்க'

டிராக்கிங் ஆப்பெல்லாம் சொல்கிற டயலாக் இது. 'உங்க டேட்டாவில் பேர் இருக்காது.' அப்படியா?

நியூயார்க் நகர டாக்ஸிகளின் 2013ம் வருஷத்துப் பயணங்கள், சுமார் 17 கோடி. தகவல் கேட்டவருக்கு நகர நிர்வாகம் மொத்தமாகக் கொடுத்தது, அது 2014ல் வெளியிலும் வந்தது. டாக்ஸி நம்பரையும் டிரைவர் லைசென்ஸ் நம்பரையும் எம்.டி.5 ஹாஷ் போட்டு மறைத்திருந்தார்கள். விஜய் பாண்டுரங்கன் என்ற சாஃப்ட்வேர் எஞ்சினீயர் ரெண்டு மணி நேரத்துக்குள் மொத்தத்தையும் அவிழ்த்துவிட்டார். வித்தை ஒன்றும் இல்லை. நம்பர்களின் வடிவம் தெரியும், சாத்தியமான நம்பர்களே ரெண்டு மூணு கோடிக்குள்தான். அத்தனைக்கும் ஹாஷ் போட்டு வெச்சுக்கிட்டு ஒப்பிட்டால் தீர்ந்தது. செகண்ட் இயர் லேபில் நாமே செய்யலாம்.

அடுத்து வந்தவர் ஒரு டேட்டா கம்பெனியில் இன்டர்ன். (இன்டர்ன்னா சும்மாவா!) நடிகர், நடிகைகள் டாக்ஸியில் ஏறும்போது போட்டோகிராபர்கள் எடுத்த படங்களில் டாக்ஸி நம்பர் தெரிந்தது. அந்த நம்பரையும் நேரத்தையும் டேட்டாவில் தேடி, யார் எங்கே இறங்கினார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்பது வரை சொல்லிவிட்டார். இரவு விடுதி வாசலில் ஏறியவர்கள் எந்த வீட்டு வாசலில் இறங்கினார்கள் என்றும் மேப் போட்டார். யாருடைய பேரும் அந்த ஃபைலில் இல்லை!

2013ல் வந்த ஒரு ஆய்வு இதற்குக் கணக்கே போட்டது. 15 லட்சம் பேரின் 15 மாத மொபைல் போன் இடப் பதிவுகள். அதில் ஒரு ஆளைத் தனியாகப் பிரித்தெடுக்க, அவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று நாலே நாலு புள்ளி தெரிந்தால் போதும். நூற்றுக்கு 95 பேர் சிக்கிவிடுகிறார்கள். உங்களுக்கு அந்த நாலு புள்ளி என்ன? ஹாஸ்டல், காலேஜ், வழக்கமா டீ குடிக்கிற கடை, அப்புறம்... அது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்ச இடம். விட்ருவோம்.

நம்ம ஆர்.சி. புக்கும் விற்பனைக்கு வந்த கதை தெரியுமா? வண்டிப் பதிவு, லைசென்ஸ் விவரங்களை மொத்தமாகப் பெற 2019 மார்ச்சில் மத்திய அரசு ஒரு கொள்கை போட்டது. கம்பெனி என்றால் வருஷத்துக்கு 3 கோடி ரூபாய். ஆராய்ச்சிக்காகக் கேட்கும் கல்வி நிறுவனம் என்றால் 5 லட்சம். 87 தனியார் நிறுவனங்களுக்கும் 32 அரசு அமைப்புகளுக்கும் இந்த டேட்டாபேஸைத் திறந்துவிட்டதில் 65 கோடி ரூபாய் வருமானம் வந்ததாக அந்த ஜூலையில் நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். பிரைவசி பிரச்னையைக் காரணம் காட்டி 2020 ஜூனில் அந்தக் கொள்கை வாபஸ். நாம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வரிசையில் நின்று கொடுத்த விவரம், வண்டி ஓட்ட அனுமதி வாங்கக் கொடுத்தது. விற்பதற்காகக் கொடுக்கவில்லை.

அமெரிக்காவில் இது இன்னும் முத்திப்போச்சு. ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள், ஓட்டுகிறவர் எத்தனை தடவை சடன் பிரேக் போட்டார், எவ்வளவு வேகமாகக் கிளப்பினார் என்ற விவரங்களை அனுப்ப, அது தரகு நிறுவனங்கள் வழியாக இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போனதை 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டு வந்தது. ஒருத்தருக்கு பிரீமியம் 21 சதவிகிதம் ஏற, 'ஏன்யா?' என்று கேட்டால் கைக்கு வந்தது 258 பக்க ரிப்போர்ட். ஆறு மாதத்தில் அவரும் அவர் மனைவியும் போன 640 பயணங்கள் அதில் இருந்தன. விஷயம் வெளியானதும் கம்பெனி பகிர்வதை நிறுத்தியது. 2025 ஜனவரியில், ஐந்து வருஷத்துக்கு இப்படிப் பகிரக் கூடாது என்ற உத்தரவை அந்த நாட்டு வர்த்தக ஆணையம் முன்வைத்தது.

சடன் பிரேக் போட்டால் மோசமான டிரைவராம்! நம்ம ஊரில் நாய் ஓடும், ஷேர் ஆட்டோ சட்டுனு நிற்கும், நேத்து இல்லாத பள்ளம் இன்னிக்கு இருக்கும். இங்கே சடன் பிரேக் போடாதவன்தான் ஆபத்து.

நாமும் வாட்ச்மேன்தான்

இதுவரை அரசாங்கம், கம்பெனி என்று கையை நீட்டினோம். கொஞ்சம் நம்ம பக்கமும் திருப்பலாமா?

ராத்திரி பதினோரு மணிக்கு பரோட்டா ஆர்டர் பண்ணிட்டு, மேப்பில் அந்தக் குட்டி பைக் நகர்வதையே பார்த்துக்கிட்டு இருப்போம். அது ஒரு சந்தில் ரெண்டு நிமிஷம் நின்றால், 'என்னண்ணே, அங்கேயே நிக்கிறீங்க?' என்று போன். அவர் தண்ணீர் குடித்திருக்கலாம். யாரிடமாவது வழி கேட்டிருக்கலாம். நம்ம போன் வருகிற நேரத்தில் ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி பதில் சொல்கிறார். பாதுகாப்புக்கு என்று சொல்லப்படுகிற அதே டிராக்கிங், இங்கே ஒரு மனுஷனை இன்னும் வேகமாக, இன்னும் ஆபத்தாக ஓட்ட வைக்கிறது. அந்தப் புள்ளிக்குள்ளும் நம்ம வயசுப் பையன்தான். சிலர் அரியர் எழுதிக்கிட்டே ஓட்டுகிறவர்கள்.

இன்னொன்று, வீடு. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி இதில் ரொம்பத் தெளிவு. ராத்திரி பத்து மணிக்கு மேல் தாம்பரத்தில் இறங்கி டாக்ஸி பிடித்தால், அவளே தன் லைவ் லொகேஷனை ரூம்மேட்டுக்கு அனுப்பிவிடுவாள். ரூமுக்கு வந்ததும் நிறுத்திவிடுவாள். அது அவளுக்குத் தைரியம். ஆனால் ஸ்கூட்டியை வாங்கிக் கொடுத்த அண்ணன், அதில் ஒரு டிராக்கரையும் மாட்டிக் கொடுத்தார். மத்தியானம் ரெண்டு மணிக்கு வண்டி தி.நகரில் நின்றால் போன் வருகிறது. கருவி ஒன்றுதான், மேப் ஒன்றுதான். முன்னதில் ஸ்விட்ச் அவள் கையில் இருக்கிறது, பின்னதில் இல்லை. இப்போது அவள் ஸ்கூட்டியை ஸ்டாண்டில் விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் போகிறாள். ஹெல்மெட் போட்டு, தானே ஓட்டிக்கொண்டு போன பெண், டிரைவர் பக்கத்தில் பாதி சீட்டில் தொங்கிக்கொண்டு போகிறாள். பாதுகாப்பு கூடிச்சா, குறைஞ்சுதா?

பெற்றோரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. பேப்பரைத் திறந்தால் வருகிற செய்தி அப்படி. ஆனால் 18 தாண்டியவரின் வண்டியில் டிராக்கர் மாட்டுவதாக இருந்தால், மாட்டியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு மாட்டுவதுதானே மரியாதை? எப்போது பார்ப்போம், எப்போது பார்க்க மாட்டோம் என்றும் பேசிக்கொள்ளலாம். பத்து மணிக்கு மேல் மட்டும் என்றால் அவளுக்கும் சரி.

சட்டம் என்ன சொல்லுது?

2017 ஆகஸ்ட் 24. ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், பிரைவசி நமது அடிப்படை உரிமை என்றார்கள். அதில் அரசு கை வைக்க வேண்டும் என்றால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான காரணம் இருக்க வேண்டும், காரணத்துக்கு ஏற்ற அளவோடும் இருக்க வேண்டும். கொசுவை அடிக்க பீரங்கி கூடாது.

அளவோடு செய்ய முடியும் என்பதற்கு நம்மிடமே உதாரணம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்று ஒன்றைச் சேர்த்தார்கள். ஸ்பீடு கேமராவுக்கான விதி. கேமரா இருக்கும் பகுதிக்கு முன்னால் எச்சரிக்கை போர்டு கண்ணில் படும்படி இருக்க வேண்டும். விதிமீறல் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். பதிவை, அந்தச் சலான் முடியும்வரை வைத்திருக்க வேண்டும். ஒளிந்திருந்து படம் பிடிக்கிற சமாசாரமே இல்லை. போர்டைப் பார்த்ததும் ஆக்ஸிலேட்டரில் இருந்து கால் தானாக எழும்; அதுதானே வேண்டும்?

2023ல் வந்த தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்தன. கம்பெனிகளின் பெரும்பாலான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அரசு தன் அமைப்புகளுக்கு அறிவிப்பு மூலம் விலக்கு கொடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்த ஓட்டை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த விதிகளில் ஒரு வரி பிடித்திருக்கிறது. குழந்தைகளை டிராக் பண்ணக் கூடாது என்பது பொது விதி. ஸ்கூல் வண்டிக்கு விலக்கு உண்டு. அதுவும் ஸ்கூலுக்குப் போகிற, ஸ்கூலிலிருந்து திரும்புகிற பயணத்தின்போது மட்டும், பாதுகாப்புக்காக மட்டும்.

18 வயசுக்குக் கீழே இருக்கிறவர்களுக்கே இவ்வளவு கறார் என்றால், நம்ம காலேஜ் பஸ்ஸுக்கு? இப்போ பல காலேஜ்களில் 'பஸ் எங்கே வருது'னு பார்க்க ஆப் கொடுக்கிறார்கள். நல்ல வசதி. மழையில் அரை மணி நேரம் நிற்க வேண்டாம். ஆனால் அந்த ஆப் லாகின் கேட்கிறதா, இல்லை லிங்க் கையில் கிடைத்த எவரும் லேடீஸ் ஹாஸ்டல் பஸ் எந்த ஸ்டாப்பில் எத்தனை மணிக்கு நிற்கிறது என்று பார்க்கலாமா என்று கவனித்திருக்கிறீர்களா? பாஸ்வேர்டு எல்லோருக்கும் ஒன்றேதானா? பஸ் ஷெட்டுக்குப் போனபிறகும் டிரைவர் அண்ணனின் புள்ளி நகர்ந்துகொண்டே இருக்கிறதா? போன வருஷப் பதிவெல்லாம் இன்னும் அதே சர்வரில் கிடக்கிறதா?

திங்கட்கிழமை டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் பக்கம் போனால் இதையெல்லாம் கேளுங்க. அப்படியே பஸ்ஸின் எமர்ஜென்சி கதவு திறக்குதா, தரை ஷீட் ஆடுதா என்றும் ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடுங்க.